கடைசி ரவுண்டைக் கேட்டு வந்தவள்

ஸ்டூலும் வாளியும் துண்டுமாக முதல்முறை ரிங்கின் மூலைக்குப் போகப்போகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். பேசச் சொன்னால் பொழுது சாயும்வரை பேசுவேன், எழுத்துதான் எனக்குப் புதுசு. அதனால் பேசுகிறதுபோலவே எழுதுகிறேன். கைக்குத் துணி சுற்றுவது, மூக்கு ரத்தம் நிறுத்துவது, வீக்கத்தை அமுக்குவது எல்லாம் கோச்சுமார் காட்டித் தந்திருப்பார்கள். நான் சொல்ல நினைப்பது அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி மட்டும். ரவுண்டு முடிந்து வந்து ஸ்டூலில் உட்காருகிற ஆளை மறுபடி அனுப்பலாமா, கூடாதா?

நான் குத்துச்சண்டைக்காரன் இல்லை. ஆயுளில் ஒரே ஒரு குத்துதான் வாங்கியிருக்கிறேன், அதுவும் பஸ்ஸில், ஜன்னல் சீட்டுக்காக. என் பிழைப்பு தோவாளையில் பூ பொதிந்து அனுப்புவது. பிச்சிப்பூவை ஐஸ் வைத்து, ஈரச்சாக்கு சுற்றி, வெளியூர் போய்ச் சேருகிறவரை வாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டாளத்தில் பாக்ஸிங் செய்துவிட்டு வந்த கோச் ஒருவர் நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஐஸ் வாங்க வந்த இடத்தில் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூவ வாட விடாம வைக்கத் தெரிஞ்சவருக்கு, மூஞ்சிய வாட விடாம வைக்கத் தெரியாதா? வாரும்வே."

போனேன். முதல் போட்டிக்குப் பூக்கூடையிலேயே ஐஸைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். எங்கள் பையன் கன்னத்தில் அதை ஒற்றி அனுப்பினேன். நடுவர் சண்டையை நிறுத்தி, அவன் முகத்தில் ஒட்டியிருந்த பிச்சி இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். அரங்கமே சிரித்தது. அவனை இன்றைக்கும் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் தோற்றதற்கு நான்தான் காரணம். சிரிப்பு கேட்ட பிறகு அவனால் கோபமாகக் குத்த முடியவில்லை. மூலைக்குப் போகிறபோது நம் சொந்தக் கூடையை வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன். இது சின்னத் தப்பு. பெரிய தப்புக்கு வருகிறேன்.

தலையில் அடி வாங்கி வருகிறவனுக்கு அறிவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி வேண்டும். 'நல்லாயிருக்கியா?' என்று கேட்டால் எல்லாருமே நல்லாயிருக்கேன் என்பார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாகர்கோவிலில் இருந்து தக்கலை வரைக்கும் பஸ் ஸ்டாப்பை வரிசையாகச் சொல்லச் சொல்வேன். வடசேரி, பார்வதிபுரம், களியங்காடு, சுங்கான்கடை, தோட்டியோடு, வில்லுக்குறி, புலியூர்குறிச்சி, தக்கலை. ஒன்று விட்டுப்போனாலும், இடம் மாறினாலும் துண்டை எறிந்து சண்டையை நிறுத்திவிடுவேன். கோச் மெச்சிக்கொண்டார். "வெளியூர்க்காரனுக்கு இது மந்திரம் மாதிரி கேக்கும்வே" என்றார்.

மந்திரமாகத்தான் ஆகிப்போனது. பிள்ளைகள் போட்டிக்குப் போகிற ரயிலில் கைதட்டி அதைப் பாடினார்கள். ஸ்கிப்பிங் கயிறு குதிக்கிறபோது தாளத்துக்கு அதைச் சொன்னார்கள். எனக்கு ஒரே பெருமை. அதில் இருந்த ஆபத்து என் மண்டையில் ஏறவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஷீபாவும் இருந்தாள், இரணியல் பிள்ளை. அவள் சண்டையைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? இடது கை கதவைத் தட்டி 'ஆள் இருக்கா?' என்று மரியாதையாகக் கேட்கும். வலது கை கேட்காமலே உள்ளே வந்துவிடும். காலில் சத்தமே இருக்காது. அடித்துவிட்டு, அடித்த இடத்தில் நிற்கமாட்டாள். எத்தனையோ பேருக்கு ஸ்டூல் போட்டிருக்கிறேன், உட்கார்ந்ததும் முதலில் எதிராளியைப் பற்றிக் கவலைப்பட்டவள் அவள் ஒருத்திதான். "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு மூக்குல வலிச்சிருக்கும், பாவம்" என்பாள். மணி அடித்ததும் எழுந்து போய் அதே மூக்கில் மறுபடி வைப்பாள்.

இருபத்து நாலு வயதில் தேசியப் போட்டியின் இறுதிக்கு வந்தாள். வடக்கே, குளிர் ஊர். கடைசி ரவுண்டுக்கு முந்தின ரவுண்டில் நெற்றிப் பொட்டில் ஒரு அடி விழுந்தது. விழவில்லை, தள்ளாடினாள், அவ்வளவுதான். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் என் முகத்தில் நிற்காமல் என்னைத் தாண்டி எங்கேயோ போனது. அதைப் பார்த்தேன், உள்ளதைச் சொல்கிறேன். பார்த்துவிட்டும் கேள்வியைக் கேட்டேன்.

"ஸ்டாப்பு சொல்லு மக்கா."

"வடசேரி, பார்வதிபுரம், களியங்காடு, சுங்கான்கடை, தோட்டியோடு, வில்லுக்குறி, புலியூர்குறிச்சி, தக்கலை."

ஒரு எழுத்து பிசகவில்லை. அனுப்பினேன். அந்த ரவுண்டில் அவள் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மெச்சுகிறார்கள். தங்கம் வாங்கினாள். தேசிய கீதம் பாடி, படம் எடுத்து, உடை மாற்றும் அறைக்கு வந்தோம். கழுத்தில் மெடல் தொங்குகிறது. பெஞ்சில் உட்கார்ந்து, கையில் சுற்றிய துணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நம்ம பவுட் எப்பம்?"

ஜெயித்து முடித்துவிட்டு வந்த சண்டை எப்போது என்று கேட்கிறாள். தம்பிமாரே, இத்தனை வருஷத்தில் அதைப்போல ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை.

அன்றைக்கே அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். ஊர் வந்து மறுபடியும் எடுத்தோம். கர்த்தர் கிருபை, தலைக்குள் ஒன்றுமில்லை. ஊர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். நான் வராந்தாவில் சுருண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார். ஸ்டாப் கதையைச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தானே சிஸ்டர் சொன்னாள் என்றேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இஞ்ச ஆக்ஸிடெண்டுல கொண்டுவாறவங்கள நான் பாக்கேன்லா. பெஞ்சாதி பேர் தெரியாது, கெழம தெரியாது. ஆனா பரமண்டல ஜெபத்த தொடங்கிக் குடுத்தா ஆமென் வரைக்கும் சொல்லிருவாங்க. மனப்பாடத்துக்கு முழிப்பு வேண்டாம் தம்பி. நீங்க கேட்டது அறிவையில்ல, நாக்க."

அவர் பேரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர்களில் அந்த வராந்தா சிஸ்டருக்குத்தான் முதல் இடம். அதற்குப் பிறகு ஒருவரிடமும் நான் ஸ்டாப் கேட்கவில்லை. சண்டைக்கு முன்னால் வீட்டாரிடம் ரகசியமாக விசாரித்து, அந்த ஓரிரண்டு நாளில் புதுசாக நடந்த ஒன்றை மனசில் வைத்துக்கொள்வேன். முந்தாநாள் குழம்பு என்ன, யாருக்குக் காய்ச்சல், யார் யாரோடு சண்டை. யோசித்தால் மட்டுமே பதில் வருகிற கேள்வி.

ஷீபா ஒரு வருஷம் இழுத்துப் பார்த்தாள். தலை சரியாகிவிட்டது, மனசு ரிங்குக்குள் போகவில்லை. விலகிவிட்டாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் தக்கலையில் அரசாங்க ஆபீஸில் வேலை கிடைத்தது. அவள் மேஜைக்கு முன்னால் யாரும் குரல் உயர்த்துவதில்லை என்று கேள்வி. கல்ஃபிலிருந்து திரும்பிவந்து ஏசி ரிப்பேர் கடை போட்ட வினோவைக் கட்டினாள். பெண் பிள்ளை ஒன்று, ஜெனி.

முப்பத்தாறு வயதில், ஒரு சனிக்கிழமை மதியம், பூ மார்க்கெட்டில் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நான் திரும்ப இறங்குகேன். மூலையில நீங்க நிக்கணும்."

"வட்டாட்டி, பைத்தியமாட்டி உனக்கு? தங்கம் வாங்கினவளுக்கு இனி என்னத்த வேணும்?"

"தங்கம் இருக்கு, அலமாரில. நான் வாங்கினது எனக்குத் தெரியாதே. வீடியோவுல பாக்கேன், வேற யாரோ ஒருத்தி சண்ட போடுதா. எல்லாரும் அந்தக் கடைசி ரவுண்டப் பத்தியாக்கும் எங்கிட்ட பேசுகாங்க. நானும் சிரிச்சிட்டு நிக்கேன், கள்ளி மாதிரி. எனக்கு ஒரு கடைசி ரவுண்டு வேணும் அண்ணாச்சி. எனக்க சொந்தத்துக்கு. ஜெயிச்சாலும் தோத்தாலும் எனக்குத் தெரிஞ்ச ரவுண்டு."

பன்னிரண்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன். "உனக்க கண்ணு சரியில்லன்னு நான் கண்டேன் மக்கா. கண்டிட்டுத்தான் அனுப்பினேன். வேற ஆளப் பாரு."

அவள் என் கூடையிலிருந்து ஒரு பிச்சிப்பூவை எடுத்து மோந்தாள்.

"எனக்குத் தெரியும். வீடியோவுல நீங்க எனக்க கண்ணப் பாக்கது நல்லா தெரியும். அதுக்காக்கும் உங்கள கேக்கேன். ஒருக்கா வழுக்கி விழுந்தவன்தான் ரெண்டாந்தரம் தரையப் பாத்து நடப்பான்."

டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்து சீட்டுக் கொடுத்த பிறகுதான் தொடங்கினோம். நாற்பது வயதோடு அந்தப் பிரிவில் வாசல் அடைத்துவிடும், நாலு வருஷம் கையில். காலையில் இரணியல் ஸ்டேஷன் வரை ஓட்டம், சாயங்காலம் ஆபீஸ் விட்டு பயிற்சி. எடை குறைக்க மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் நின்றுபோயின. வினோ என்னிடம் அழாத குறையாகச் சொன்னான்: "வீட்டுல மரச்சீனி அவிச்சா இப்பம் ஜன்னல அடைச்சிட்டாக்கும் அண்ணாச்சி திங்கோம், கள்ளச்சாராயம் குடிக்க மாதிரி." அவன் ஒரு தடவைகூட அவளைத் தடுக்கவில்லை. ஆனால் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று கேட்டான்.

"தோத்தா சாரமில்ல, போட்டும். இஞ்சருந்து போனவளாட்டு திரும்பி வரணும். என்னையும் பிள்ளையையும் பேரு சொல்லி விளிக்கணும். அது உங்க கையில."

அந்தச் சொல் என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த தப்பு அங்கேதான் பிறந்தது. மாநிலப் போட்டியில், அரை இறுதி. ஷீபா நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். ஈரமாக இருந்த ஒரு இடத்தில் கால் வழுக்கி, முழங்கால் ஊன்றினாள். குத்து படவே இல்லை. என் கையில் இருந்த துண்டு எப்போது பறந்தது என்று எனக்கே தெரியாது. நடுவர் சண்டையை முடித்துவிட்டார். அந்த வருஷம் தேசியப் போட்டி போச்சு. முப்பத்தாறு வயதுக்காரிக்கு ஒரு வருஷம் என்றால் என்ன என்று உங்களுக்கு இப்போது புரியாது.

திரும்புகிற ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் எழுந்து போய் டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். இரணியலில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"பயந்தவனுக்க கையில துண்டக் குடுத்தா, தும்மினாலும் எறிவான்."

இரண்டு எட்டு நடந்தாள். திரும்பினாள். "திங்கக்கிழம பிராக்டிஸ் உண்டுல்லா?"

அனுப்பக்கூடாதவளை அனுப்பினதும் நான்தான், அனுப்ப வேண்டியவளை நிறுத்தினதும் நான்தான். முதல் தப்பில் நான் அவள் தலையைத் தொலைக்கப் பார்த்தேன், இரண்டாவதில் அவள் காலத்தைத் தொலைத்தேன். எங்கள் மார்க்கெட்டில் ஒரு சொல் உண்டு: தண்ணீர் தெளிக்காத பூ வாடும், ரெண்டு தடவை தெளித்த பூ அழுகும். கைக்கு அளவு தெரியவேண்டும்.

மறு வருஷம் மாநிலத்தில் ஜெயித்தாள். தேசியப் போட்டியில் ஒவ்வொரு படியாக ஏறி இறுதிக்கு வந்தாள். எதிரே நின்ற பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. "நான் கலியாணம் கட்டின வயசுகூட இல்ல அவளுக்கு" என்று ஷீபா சிரித்தாள். அன்று காலை வினோ எனக்குப் போன் செய்தான்.

"ஷீபா போன்ல விளிச்சா அண்ணாச்சி. பிள்ள போனக் கையிலேயே வாங்கல. நேத்து ஞாயித்துக்கிழம, சர்ச்சுல பிள்ளையளுக்கு பைபிள் வசனப் போட்டி. அம்மை வரலன்னு ஒரே வெப்ராளம், அழுக. கெஞ்சிப் பாத்தேன், தலையணைக்குள்ள மூஞ்சிய வச்சிட்டு கெடக்கா."

பாவம் என்று தோன்றியது. கூடவே, அன்றைய கேள்வி கிடைத்துவிட்டது என்றும் தோன்றியது. மூலையில் நிற்கிறவனுடைய புத்தி அப்படித்தான் போகும்.

முதல் ரவுண்டு ஷீபாவுக்கு. அந்த இளம்பிள்ளை வேகத்தில் வந்தாள், ஷீபா வழி விட்டு வழி விட்டு அடித்தாள். இரண்டாவது ரவுண்டின் முடிவில் அந்தப் பிள்ளையின் வலது கை ஷீபாவின் பொட்டில் இறங்கியது. தலைக்கவசம் இருந்தும் சத்தம் எனக்குக் கேட்டது. நடுவர் எட்டு வரை எண்ணி, அவள் கண்ணைப் பார்த்து, தொடரச் சொன்னார். மணி அடித்தது. நடந்து வந்தாள். உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவள் உதடு அசைந்தது.

"வடசேரி, பார்வதிபுரம், களியங்காடு..."

பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலாக நான் கேட்காத கேள்விக்குப் பதில். என் கையில் இருந்த ஸ்பாஞ்ச் அப்படியே நின்றது.

"நிறுத்து மக்கா. இன்னைக்குக் காலத்த ஜெனி போன்ல உங்கிட்ட என்ன சொன்னா?"

 கண் என் முகத்தைவிட்டு இறங்கி, கையுறையில் போய் நின்றது. நான் துண்டைத் தோளிலிருந்து உருவினேன். முகத்தில் தண்ணீர் விட்டேன். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்டால் பாதிப் பதிலை நாமே கொடுத்ததாகிவிடும். பத்து விநாடி போயிற்று, இருபது போயிற்று. மயங்கினவளும் பேசாமல் இருப்பாள், மனசு நொந்தவளும் பேசாமல் இருப்பாள். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான். மூலையைக் காலி செய்யச் சொல்லி விசில் ஊதினார்கள். என் கை கயிற்றுக்கு மேலே உயர்ந்துவிட்டது.

"ஒண்ணும் சொல்லல." குரல் பைய வந்தது. "அவ போனே எடுக்கல அண்ணாச்சி. வசனப் போட்டிக்கு நான் போகல்லலா." பிறகு கண்ணை உயர்த்தினாள். நேரே என் கண்ணுக்குள். "உங்க கை கயித்துக்கு மேல நிக்கி. துண்டத் தோள்ல போடுங்க."

தெளிவில்லாத ஆள் என்றால் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருப்பாள். ஆல் த பெஸ்ட் சொன்னாள், ஜெபம் பண்ணினாள் என்று. நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று சொல்ல முழு அறிவு வேண்டும். துண்டைத் தோளில் போட்டேன். பல்லுக்கான மவுத் கார்டை வாயில் வைத்தேன். அனுப்பினேன்.

அந்த மூன்று நிமிஷத்தையும் நான் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். முப்பத்தேழு வயதுக் கால், இருபத்திரண்டு வயதுக் காலைத் துரத்தியது. ஒரு அடி வாங்கி இரண்டு கொடுத்தாள், இரண்டு வாங்கி ஒன்று கொடுத்தாள். கடைசி நொடியில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். நியாயமான தீர்ப்பு. ஷீபா போய் அவள் கையைத் தானே உயர்த்திப் பிடித்தாள்.

உடை மாற்றும் அறை. கழுத்தில் வெள்ளி மெடல். பெஞ்சில் உட்கார்ந்து, கையில் சுற்றிய துணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நம்ம பவுட் எப்பம்?"

டாக்டரைக் கூப்பிட வாசலுக்கு ஓடப் பார்த்தேன்.  அப்போதுதான், கிழிந்த உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பைக் கண்டேன்.

"போட்டீ சவமே" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. அவள் உதட்டைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆனாலும் நேரே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன், ஸ்கேன் எடுத்தேன். சிரிக்கிறாள் என்பதை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தது. "அந்த ஸ்டாப்பு எதுக்குட்டி சொன்ன?" என்று கேட்டேன். "நானாச் சொல்லல. உக்காந்ததும் அதுவா வந்துட்டு. நீங்க நிறுத்தினபெறகுதான் நான் என்ன சொல்லுகேன்னு எனக்கே கேட்டுது" என்றாள். சிஸ்டர் சொன்னது எவ்வளவு சரி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் போன் அடித்தது. வினோவின் நம்பர், ஆனால் பேசியது அவன் இல்லை.

"அம்மா, ஜெயிச்சியா?"

"இல்ல மக்கா, தோத்துட்டேன். எப்படின்னு சொல்லட்டா?"

ஒன்பது நிமிஷச் சண்டையை அவள் முக்கால் மணி நேரம் சொன்னாள். கடைசி ரவுண்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி பெஞ்சில் மடித்துப் போட்டுக்கொண்டு, முதல் எட்டு வைத்ததிலிருந்து தொடங்கினாள். நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கேட்டேன். ரிங்குக்கு இரண்டடி தள்ளி நின்று கண் இமைக்காமல் பார்த்தவன் நான். அவள் சொன்னதில் பாதி எனக்குத் தெரியாது.